ஜோங்காவுக்கு ஒரு பம்ப் கூடு

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ஹவில்தார் அண்ணன் ஒரு சிமெண்ட் சாக்கோடு கடைக்கு வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, சாக்கை பெஞ்சின் மேல் கவிழ்த்தார். முதலில் துருப்பொடி கொட்டியது, அப்புறம் ஒரு வண்டி என்ஜினின் வாட்டர் பம்ப் உருண்டு விழுந்தது. தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இறக்கைகளில் பாதியைக் காணோம். கூட்டின் வயிற்றில் விரல் நீளத்துக்கு ஒரு பழைய விரிசல். அதன் மேல் யாரோ பித்தளை வைத்து ஊதியிருந்தார்கள். பித்தளைக்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு விரிசல்.

"பம்ப் ஊர்ல வந்து பம்ப் கிடைக்கலைன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா தம்பி?" என்றார்.

எனக்கு கோவை கணபதியில் பேட்டர்ன் கடை. இரும்பு வார்க்கும் பவுண்டரிகளுக்கு பேட்டர்னும் கோர் பாக்ஸும் செய்து கொடுப்பது தொழில். பேட்டர்ன் என்பது மணலில் பதித்து மோல்டு, அதாவது அச்சு, எடுக்கும் மாதிரி உரு. வார்ப்பின் உள்ளே வெற்றிடம் விட வைக்கும் மணல் உரு கோர், அதைச் செய்யும் பெட்டி கோர் பாக்ஸ். அப்பா காலத்தில் எல்லாம் தேக்கு. என் காலத்தில் பெரும்பாலும் அலுமினியம், இப்போது கொஞ்சம் பிளாஸ்டிக். கோவையில் பேட்டர்ன்காரன் என்றால் பாதி வாழ்க்கை மோனோபிளாக் பம்பு கூட்டிலேயே போய்விடும். அதனால் பம்ப் கூடு என்றதும் மூன்று நாள் வேலை என்று மனக்கணக்குப் போட்டேன். ஏழு வாரம் ஆனது.

அண்ணன் ராணுவத்தில் வண்டிகளையும் எந்திரங்களையும் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருபத்திரண்டு வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு பார்க்கிறார். ராணுவ ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து ஒரு ஜோங்காவை வாங்கி வைத்திருக்கிறார். ஜோங்கா என்பது நிசான் பேட்ரோல் 60 வரிசை வண்டியை உரிமம் வாங்கி ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்தது. ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். 1969-ல் தொடங்கி 1999 வரை செய்தார்கள். ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், 3956 சி.சி. பெட்ரோலைக் குடிக்கிற குடிக்கு, வெளியே வந்த ஜோங்காக்களில் பலவற்றுக்கு டீசல் என்ஜின் மாற்றிவிட்டார்கள். அண்ணன் மட்டும் மாட்டேன் என்று நிற்கிறார். "என்ஜினை மாத்திட்டா அப்புறம் அது எதுக்கு ஜோங்கா? டெம்போ வாங்கிக்கலாமே" என்பது அவர் வாதம்.

உக்கடம் பழைய இரும்புக் கடைகள் தொடங்கி டெல்லி மாயாபுரி வரை ஆள் விட்டுத் தேடியிருக்கிறார். கிடைத்த இரண்டு பம்புகளும் இதைவிட மோசம். வேறு வண்டியின் பம்பை எடுத்து நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் போட்டு மாட்டிவிடலாம் என்று நானே முதலில் சொன்னேன். செலவும் குறைவு. அவர் பதில் சொல்லவில்லை. சாக்கை மட்டும் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். கிளம்புவதற்கு அடையாளம் அது. சரி, வார்த்துப் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் வேலை அளவெடுப்பது. உடைந்த பாகத்தை அப்படியே மணலில் பதித்து வார்த்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். இரும்பு உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். பழசைப் பதித்து எடுத்தால் வருவது ஒரு சதவீதம் சின்னது. அதற்குத்தான் பேட்டர்ன்காரர்களிடம் ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் இருக்கிறது. அதில் ஓர் அடி, கடையில் விற்கும் அடியைவிட ஒரு சதவீதம் நீளம். ஆனால் சுருக்கம்கூடச் சின்னப் பிரச்சினைதான். பழைய பாகம் பொய் சொல்லும் என்பதுதான் பெரியது. முப்பது வருடம் தண்ணீர் அரித்த சுவர், பித்தளை ஊதிய சூட்டில் கோணிய முகம், போல்ட் ஆடி ஆடி முட்டை வடிவமான துளை, இவை எதுவும் வரைந்தவன் வரைந்தது இல்லை. அவன் என்ன வரைந்தான் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய கூட்டின் முகத்தை மட்டமான சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டேன். ஒரு மூலையில் 0.6 மி.மீ. உள்ளே போனது. இதை நம்பி அளவெடுத்தால் எல்லாம் கோணலாகும். அதனால் பொள்ளாச்சிக்கே போய் என்ஜினிடம் கேட்டோம். பம்ப் மாட்டும் என்ஜின் பிளாக்கின் முகத்தில் பழைய காலண்டர் அட்டையை வைத்து, ஓரங்களிலும் துளைகளிலும் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டிக்கொண்டே வந்தார் அண்ணன். கேஸ்கட் வெட்டுகிற பழைய வழி. ஐந்தே நிமிடத்தில் பிளாக்கின் உண்மையான முகம் அட்டையில் விழுந்துவிட்டது. அட்டையின் பின்பக்கம் முருகன் இருந்தார், அதனால் தட்டுவதற்கு முன் ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டு போல்ட் துளைகளின் இடைவெளி பழைய பாகத்தில் 92.4. பிளாக்கில் 92.1. ஜப்பான்காரன் மில்லிமீட்டரில் வரைந்திருப்பான், அப்படியானால் 92 என்று எழுதிக்கொண்டேன். பேரிங் உட்காரும் துளை 38 கொஞ்சம் கூடுதல். அதையும் 38 என்று எழுதினேன். அடுத்தது 63.4. இது 63-ஆ 64-ஆ? ஒன்று பொருந்தினால் ஒன்று பொருந்தவில்லை. இரண்டு நாள் இப்படியே போனது.

அண்ணனிடம் ஒரு பழைய மேனுவலின் ஜெராக்ஸ் இருந்தது. பம்பின் படம் அதில் புகைமூட்டமாகத்தான் இருந்தது, ஆனால் என்ஜின் விவரப் பக்கம் தெளிவு. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 85.7. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 114.3. அந்த 114.3-ஐப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். அது சரியாக நாலரை அங்குலம். 85.7 என்பது மூன்று அங்குலம் மூன்று நூல். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. மெட்ரிக் நாட்டில் பிறந்த என்ஜினுக்கு ஏன் அங்குல அளவு? நிசான் 1930-களில் அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் கிரஹாம்-பெய்ஜ் கம்பெனியிடமிருந்து வரைபடங்களையும் எந்திரங்களையும் வாங்கித்தான் பெரிய கார் செய்யத் தொடங்கியது. அந்த முதல் ஆறு சிலிண்டர் என்ஜினின் ஸ்ட்ரோக்கும் இதே 114.3. தலைமுறை மாறினாலும் அளவு மாறவில்லை. டெட்ராய்ட்டில் ஒருவன் போட்ட அங்குலம் யோகோஹாமா போய், ஜபல்பூர் வந்து, பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் நிற்கிறது.

அப்பாவின் பெட்டியில் அங்குல ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தால் 92.1 மூன்று அங்குலம் ஐந்து நூல். 38.1 ஒன்றரை அங்குலம். 63.4 இரண்டரை அங்குலம், அதாவது 63.5. எல்லா அளவும் இப்படி வந்து உட்காரவில்லை, ஆனால் முக்கியமான மூன்றும் உட்கார்ந்துவிட்டன. மற்றவற்றை அவற்றிலிருந்து பிடித்துக்கொண்டேன்.

எந்த இரும்பு என்பது அவ்வளவு தலைவலி இல்லை. உடைந்த விளிம்பு மங்கிய சாம்பல் நிறம், துளை போட்டால் தூள் கறுப்பாக உதிர்கிறது. கிரே அயர்ன் என்கிற சாம்பல் வார்ப்பிரும்பு. லேபில் தனிமங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோ போட்டுப் பார்த்தோம். கிரே அயர்னில் கிராஃபைட் தனியாகப் பிரிந்து கிடப்பதால் ஸ்பெக்ட்ரோ காட்டும் கார்பன் அளவை நம்ப முடியாது. உருகிய உலோகத்தைத் தாமிர அச்சில் சட்டென்று உறைய வைத்த வெள்ளைச் சில்லில்தான் அது சரியாக வரும். மற்ற தனிமங்களைப் பார்த்துக்கொண்டு, பம்ப் கூட்டுக்கு ஊரே ஊற்றும் எஃப்.ஜி. 220 ரக வார்ப்பிரும்பு போதும் என்று முடிவு செய்தேன். இந்த பம்ப் தாங்க வேண்டிய அழுத்தம் ரேடியேட்டர் மூடி விடுகிற அளவுதான். பீரங்கிக் குழாயா செய்கிறோம்?

பீரங்கி என்றதும் ஞாபகம். 1986-ல் நாம் வாங்கிய 410 போஃபர்ஸ் பீரங்கிகளின் கதை எல்லோருக்கும் தெரிந்த ஊழல் கதை. அதன் இன்னொரு பக்கத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் கவனிப்பார்கள். கம்பெனியோடு உறவு அறுந்தபின் உதிரிபாகம் வரும் வழி அடைபட்டது. ஆனால் ஒப்பந்தப்படி கொடுத்த வரைபடங்கள் கைவசம் இருந்தன. பல வருடம் சும்மா கிடந்தன. கடைசியில் அந்தத் தாள்களை வைத்துத்தான் ஜபல்பூரில் தனுஷ் பீரங்கி பிறந்து 2019-ல் ராணுவத்துக்குப் போனது. தாள் இருந்தால் எவ்வளவு காலம் கழித்தும் உலோகம் வரும். ஜோங்காவின் பம்ப் கூட்டுக்கு என்னிடம் இருந்த தாள் முருகன் காலண்டர் மட்டுமே.

பேட்டர்னை அக்கா மகன் 3டி பிரிண்டரில் அடித்துத் தருவதாகச் சொன்னான். வெளி உருவம் இரண்டு பாதியாக, நடுவில் பாதிகளைச் சேர்க்கும் டவல் பின் வைத்து. பதினெட்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. பார்க்க அழகு. மணலில் பதித்துத் தூக்கினால், பிரிண்டரின் அடுக்குக் கோடுகளில் மணல் ஒட்டிக்கொண்டு மோல்டின் விளிம்பே பெயர்ந்து வந்தது. புட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து, மறுபடி தேய்த்து, மெழுகு போட்டேன். அந்தத் தேய்ப்பு வேலைக்கு ஆன நேரத்தில் தேக்கிலேயே இழைத்திருக்கலாம். அவனிடம் சொல்லவில்லை, படிக்கிற பையன்.

கோர் பாக்ஸை மட்டும் நானே தேக்கில் குடைந்தேன். இந்தக் கூட்டில் வேலையே கோரில்தான். குழாய் மாட்டும் மூக்கில் தண்ணீர் நுழைந்து, வளைந்து, பின்னால் இம்பெல்லர் சுழலும் அறைக்குப் போக வேண்டும். அந்த வெற்றிடம் முழுக்க மணல் கோர். யானைத் தும்பிக்கை ஒன்று பானைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பானை பக்கம் பெரிய வாய், அங்கே கோர் மோல்டில் நன்றாக உட்காரும். தும்பிக்கை பக்கம் மெலிசு.

புதிதாக வருபவர்கள் கோர் தன் எடையால் கீழே தொங்கும் என்று நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. இரும்பு ஊற்றியதும் கோர் மிதக்கப் பார்க்கும். மணலைவிட இரும்பு நாலரை மடங்கு கனம். என் கோர் சுமார் 400 கிராம். அதைச் சுற்றி இரும்பு நிறைந்ததும், அது கிட்டத்தட்ட 1.4 கிலோ விசையோடு மேலே உந்தும். ஒரு செங்கல்லின் பாதி எடையை மெலிந்த தும்பிக்கை நுனி தலைகீழாகத் தாங்க வேண்டும். அதற்காக மேலே இரண்டு சாப்லெட் வைத்தேன். சாப்லெட் என்பது ஆணி போன்ற சின்ன இரும்புத் தூண். கோருக்கும் மோல்டுக்கும் நடுவில் நின்று பிடித்துக்கொள்ளும். ஊற்றும் இரும்பின் சூட்டில் அதுவும் உருகி வார்ப்போடு ஒன்றாகிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒரே ஒரு கூட்டுக்காக யாரும் ஃபர்னஸ் போட மாட்டார்கள். ஆறரை கிலோ இரும்புக்கு கால் டன் இண்டக்‌ஷன் ஃபர்னஸை எப்படி ஓட்டுவது? பழைய ராணுவ சாமான்களின் சிக்கலே இந்த எண்ணிக்கைதான் என்று நினைக்கிறேன். அமெரிக்க பி-52 விமானத்தில் கடைசியானது 1962-ல் வெளியே வந்தது, இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. அந்த மாதிரி வண்டிகளுக்கு எப்போதோ ஒருமுறை நாலு வார்ப்பு, பத்து வார்ப்பு என்றுதான் கேட்பார்கள். மாதம் நூறு டன் கேட்கும் கஸ்டமர் வாசலில் நிற்கும்போது எந்த பவுண்டரிக்காரர் அதைத் திரும்பிப் பார்ப்பார்? அதற்குள் பழைய பேட்டர்ன் கரையானுக்கோ அடுப்புக்கோ போயிருக்கும். செய்தவரும் போய்ச் சேர்ந்திருப்பார். அண்ணன் இதையே வேறு மாதிரி சொல்வார்: "வண்டி வி.ஓ.ஆர். போர்டு மாட்டி ஷெட்ல நிக்கும் தம்பி. காரணம் பார்த்தா நூறு ரூபா சாமானா இருக்கும். இன்னொரு வண்டில இருந்து கழட்டி மாட்டுவோம். அப்புறம் அதுவும் நிக்கும்." வி.ஓ.ஆர். என்றால் சாலைக்கு ஆகாத வண்டி. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபின் ரஷ்ய வண்டிகளுக்கு இப்படித்தான் பாடுபட்டோம் என்றார்.

எனக்குப் பழக்கமான ஒரு பவுண்டரியில், அவர்களுடைய பம்ப் கூட்டுக்காக ஒரு தடவை இரும்பு உருக்கும் ஹீட்டில் என் மோல்டையும் வரிசையின் கடைசியில் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். ஊற்றினோம், ஆறியது, உடைத்து எடுத்தோம், ஒட்டிய மணல் போக ஷாட் பிளாஸ்ட் அடித்தோம். வெளியே குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லா வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர் டிரம்மில் முக்கினேன்.

சாப்லெட் இருந்த இடத்தைச் சுற்றி மோதிரம் மாதிரி சின்னச் சின்னக் குமிழ்கள். ஒன்று பெரிதாகி மேலே வரும், பின்னாலேயே இன்னொன்று.

தப்பு என்னுடையது. சாப்லெட்டுகள் ஜன்னலோரம் திறந்த டப்பாவில் கிடந்தன. மழைக்காற்றில் லேசாகத் துருப் பிடித்திருந்தன. அவ்வளவுதானே என்று விரலால் துடைத்துவிட்டு வைத்தேன். துரு என்றால் ஆக்சைடு. சூட்டில் அது இரும்பில் இருக்கும் கார்பனோடு சேர்ந்து வாயுவாகும். அந்த வாயு சாப்லெட்டைச் சுற்றிப் படலம் போட்டு ஒட்டவிடாமல் செய்துவிடும். வெள்ளீயம் பூசிய சாப்லெட்டைக் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

இந்த மாதிரி கசிவுக்கு ஊரில் ஒரு மருந்து உண்டு. நவச்சாரத்தைக் கரைத்து உள்ளே நிரப்பி இரண்டு நாள் வைத்தால், துளைக்குள்ளேயே துரு பிடித்து அடைத்துக்கொள்ளும். விவசாய பம்பில் அது வருடக்கணக்கில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அண்ணனிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "லடாக்ல ராத்திரி தண்ணியை வடிச்சு வைப்போம். ஒரு நாள் வடிகுழாய் அடைச்சிருந்ததை யாரும் பார்க்கலை. காலையில பம்ப் பிளந்து கிடந்துச்சு. உறையற தண்ணிக்கு ஒம்பது பங்கு கூடுதல் இடம் வேணும், அது இரும்பைக் கேட்டுட்டா எடுக்கும்?" என்றார். நூற்றுக்கு ஒன்பது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். பித்தளை ஊதிய அந்தப் பழைய விரிசலும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும் என்பது அவர் ஊகம். பொள்ளாச்சியில் தண்ணீர் எங்கே உறையப் போகிறது என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். முதல் வார்ப்பு ஸ்கிராப் பெட்டிக்குப் போனது.

போவதற்கு முன் அதை பேண்ட் சாவில் நீளவாக்கில் அறுத்தேன். கெட்டுப்போன வார்ப்பை அறுத்துப் பார்க்காமல் தூக்கிப் போடுகிறவன் இரண்டாவது முறையும் கெடுப்பான். உள்ளே ஒரு பக்கச் சுவர் 7 மி.மீ., எதிர்ப்பக்கம் 4. சாப்லெட் வைத்தும் கோர் மேலே நகர்ந்திருக்கிறது.

அந்த பவுண்டரியில் மோல்டிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், அறுபது வருடமாக மண்ணில் கை வைத்தவர். அறுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோர் பாக்ஸைக் கேட்டார். தும்பிக்கை நுனியில் கட்டை விரலை வைத்து, "இது ஏனுங்க இத்தனை குட்டையா நிக்குது? சாப்லெட்டை நம்பாதீங்க, பிரிண்டை நீட்டுங்க" என்றார். அதோடு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கோர் பிரிண்ட் என்பது கோரின் நுனி மோல்டு மணலில் உட்காரும் பகுதி. நான் 15 மி.மீ. விட்டிருந்தேன். அதை 45 ஆக்கி, உள்ளே ஒரு 6 மி.மீ. கம்பியும் கொடுத்தேன். நுனியை நன்றாகப் பிடித்துவிட்டால் நடுவில் தாங்க ஆணியே வேண்டாம். பேட்டர்னிலும் அதே அளவு நீட்ட வேண்டும், மோல்டிங் பாக்ஸ் ஒரு சைஸ் பெரிதாகும், மணல் கூடும். தினம் இருநூறு ஊற்றும் வேலையில் அது செலவு. ஒன்று ஊற்றும் வேலையில் அதைக் கணக்குப் பார்த்தது என் பழக்கதோஷம்.

இரண்டாவது வார்ப்பில் குமிழ் ஒன்றுகூட வரவில்லை. சந்தோஷமாக லேத்தில் ஏற்றினேன். விளிம்பில் டூல் பட்டதும் கீச்சென்று ஒரு சத்தம், கார்பைடு முனை போய்விட்டது. இன்னொரு முனை மாட்டினேன், அதுவும் போனது. அரம் போட்டால் வழுக்குகிறது. விளிம்பில் ஒரு துண்டை சுத்தியலால் உடைத்துப் பார்த்தால் முறிவு வெள்ளி மாதிரி பளபளத்தது. நடுவில் சாம்பல், ஓரத்தில் வெள்ளை. சில் அடித்திருக்கிறது.

இது ஏன் என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. மெல்லிய இடம் சீக்கிரம் ஆறும். சீக்கிரம் ஆறினால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரமின்றி இரும்போடு சேர்ந்து கண்ணாடி போல் இறுகிவிடும். அதைத் தடுக்கத்தான் உருகிய இரும்பை ஏந்தும் லேடிலில் ஃபெரோ சிலிக்கான் தூளை ஒரு பிடி போடுகிறோம். சாம்பாரில் கடைசியில் பெருங்காயம் போடுவது போல, அதன் மணம் நிற்கும் வரைதான் பலன். பத்து நிமிடம் போனால் வீரியம் இறங்கிவிடும். என் மோல்டு வரிசையில் கடைசி. அன்று நடுவில் ஒரு மோல்டு பிய்த்துக்கொண்டு இரும்பு தரையில் ஓட, எல்லோரும் அதைப் பார்க்கப் போனோம். திரும்பி வந்து என்னுடையதை ஊற்றும்போது லேடில் ஆறியும் போயிருந்தது, பெருங்காயமும் பறந்திருந்தது.

மூன்றாவது முறை, முதல் மோல்டாக என்னுடையதை ஊற்றும்படி கேட்டுக்கொண்டேன். ஒரு பாக்கெட் ஜிலேபி செலவானது. லேடிலில் தூளைப் போட்டதும் நேராக என் பாக்ஸுக்கு வந்தார்கள். 1380 டிகிரி. பெரியவர் எங்கிருந்தோ வந்து, இரும்பு ஊற்றும் வாயான ஸ்ப்ரூவின் பக்கத்தில் நின்றார். மோல்டு நிறைந்ததும் இரும்பு மேலேறி வரும் ரைசரில் இரும்பு எட்டிப் பார்த்து ஆரஞ்சு நிறத்தில் நின்றதும், தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போனார்.

கோரை வெளியே எடுப்பதற்கு ஒரு முழு நாள். சோடியம் சிலிகேட் கலந்து கார்பன் டை ஆக்சைடு விட்டு இறுக்கிய கோர் அது. ஊற்றிய சூட்டில் கல்லாகிவிடும். தும்பிக்கை வளைவில் உளியும் போகாது, கம்பியும் வளையும். சைக்கிள் பிரேக் கேபிளை வெட்டி நுனியைப் பிரித்து டிரில்லில் மாட்டி, குடைந்து குடைந்து எடுத்தேன். ரெசின் மணலில் ஷெல் கோர் அடித்திருந்தால் தட்டினாலே கொட்டியிருக்கும், ஆனால் அதற்குச் சூடேற்றும் இரும்பு கோர் பாக்ஸ் வேண்டும். ஒரு பம்புக்கு அது யானை விலை.

மெஷினிங்கில் சொல்ல அதிகமில்லை. பிளாக் முகத்தை முதலில் சமமாக்கி, அதையே ஆதாரமாக வைத்து பேரிங் துளையைப் போட்டேன். முதல் வெட்டு மேல்தோலுக்கு அடியில் போக வேண்டும், பயந்து பயந்து மேலாக எடுத்தால் மணல் படிந்த தோல் டூலைத் தின்றுவிடும். துளையை 38.1-க்கு ஒரு மயிரிழை குறைவாக விட்டேன், பேரிங் இறுகி உட்காரட்டும் என்று. இம்பெல்லரை ஒரு உருளையிலிருந்து கடைந்தோம். சீல் கடையில் கிடைத்தது.

அண்ணன் வந்தார். கூட்டைக் கையில் எடுத்து மூக்கில் ஊதிப் பார்த்தார், தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் பேரிங் கூட்டின் அடிப்பக்கத்தில் விரலை நிறுத்தினார்.

"வீப் ஹோல் எங்க தம்பி?"

எனக்குத் தலை சுற்றியது. சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் கீழ்நோக்கி ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும். சீல் தேய்ந்து தண்ணீர் கசிந்தால் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே சொட்டும். ஓட்டுகிறவருக்கு சீல் போய்விட்டது என்று அதுதான் முதல் தகவல். வாழ்நாள் முழுக்க பம்பில் இருக்கிறேன், எனக்குத் தெரியாததில்லை. ஆனால் பழைய கூட்டில் அப்படி ஒரு துளையே இல்லை, அதனால் நானும் போடவில்லை.

பழையதை எடுத்து வைத்து வயர் பிரஷ் போட்டோம். பித்தளை ஊதிய அதே கை, சொட்டுகிற துளையைப் பார்த்து அதையும் கசிவு என்று நினைத்து ஊதி அடைத்திருந்தது. மேலே பெயின்ட் வேறு. அப்புறம் சீல் போனபோது தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பேரிங்குக்குள் போய், பேரிங் ஆடி, இம்பெல்லர் கூட்டில் உரசி இறக்கை உடைந்திருக்கிறது. அன்றைக்குத்தான் இந்த பம்ப் எப்படிச் செத்தது என்பதே எங்களுக்குப் புரிந்தது. 6 மி.மீ. டிரில்லால் துளை போட அரை நிமிடம்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு காலை ஒன்றில் மாட்டினோம். காலண்டர் அட்டை அச்சாக இருந்ததால் கேஸ்கட் அப்படியே உட்கார்ந்தது. என்ஜின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. தண்ணீர் சூட்டு முள் மெல்ல ஏறி நடுவில் போய் நின்றுகொண்டது. அண்ணன் ஒரு செய்தித்தாளை பம்புக்கு அடியில் தரையில் விரித்து வைத்தார். அரை மணி நேரம் ஓடவிட்டு எடுத்துப் பார்த்தோம். ஹோஸ் கிளிப்பிலிருந்து ஒரே ஒரு சொட்டு. கிளிப்பை இறுக்கினார். மறுபடி பேப்பர் விரித்தார், காய்ந்தே இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பானெட்டை மூடிவிட்டு, இளநீர் வெட்டப் போனார்.

பேட்டர்னும் கோர் பாக்ஸும் இப்போது என் கடை பரணில், கரையான் ஏறாத இரும்பு அலமாரியில் இருக்கின்றன. கோர் பாக்ஸின் உட்பக்கத்தில் வெள்ளை எனாமலில் எழுதி வைத்திருக்கிறேன்: ஜோங்கா, வாட்டர் பம்ப் கூடு. எஃப்.ஜி. 220. சுருக்கம் சேர்த்தாயிற்று. அளவு அங்குலம், மில்லி அல்ல. சாப்லெட் வேண்டாம். வரிசையில் முதலில் ஊற்று. அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: வீப் ஹோல் 6 மி.மீ., பழைய கூட்டில் இருக்காது, போடு.